தோல் மினுங்கும், சுளை காய்ந்திருக்கும்

புளோரிடாவில் உறைபனி அடித்த இரவுக்கு மறுநாள் காலை ஆரஞ்சுத் தோட்டத்துக்குள் போனால் பெரிய சேதம் எதுவும் கண்ணில் படாமல் போகலாம். பழங்கள் முந்தின நாள் போலவே மினுங்கிக்கொண்டு தொங்கும். ‘தோலில் ஒன்றுமில்லை, தப்பித்துவிட்டோம்’ என்கிற நம்பிக்கை அங்கேதான் முளைக்கிறது.

உள்ளே நடந்திருப்பது வேறு. சாற்றில் சர்க்கரை கரைந்திருப்பதால் ஆரஞ்சு தண்ணீரைப் போல 0 டிகிரியில் உறையாது. குளிர் ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரி செல்சியஸுக்கு இறங்கி, சில மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும். (எலுமிச்சைக்கு அந்தத் தாக்குப்பிடிப்பும் கிடையாது.) அப்போது உருவாகும் பனித்துகள்கள் சாற்றுப் பைகளைக் கிழித்துவிடும். கசிந்த ஈரம் தோல் வழியே மெல்ல மெல்ல வெளியேற, சுளை சக்கையாகும். தோலோ வாரக்கணக்கில் எதையும் காட்டிக்கொடுக்காது.

சரி, அன்று காலையே ஒரு பழத்தை வெட்டிப் பார்த்தால் போதாதா? போதாது. பனி தட்டுப்பட்டால் பழம் உறைந்தது உறுதி. வீணானதா என்பது வேறு கேள்வி. லேசாக உறைந்த பழம் தேறிவிடுவதுண்டு. இன்னொன்றில் வறட்சி தெரியவே சில வாரங்கள் ஆகும். வெட்டும் இடமும் முக்கியம். வறட்சி பெரும்பாலும் காம்புப் பக்கம்தான் தொடங்கும் என்பதால், பழத்தை நடுவில் இரண்டாக வெட்டுகிறவர் ஏமாறலாம். அனுபவசாலிகள் காம்பிலிருந்து வில்லை வில்லையாகச் சீவி, எவ்வளவு ஆழத்தில் ஈரச் சுளை தென்படுகிறது என்று பார்ப்பார்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டு மரத்துப் பழத்தை மட்டும் சோதித்துவிட்டுத் தோட்டம் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்வதும் தவறு.

அடிபட்ட ஆரஞ்சில் சுளைகளுக்கு இடையே வெள்ளைப் புள்ளிகள் தெரிவதுண்டு. பார்த்தவுடன் பூஞ்சை என்றுதான் தோன்றும். அது ஹெஸ்பெரிடின், பழத்திலேயே இருக்கும் பொருள், திசு சிதைந்ததும் படிகமாகிவிடுகிறது. தின்றால் கெடுதலில்லை. உறைந்த பழமெல்லாம் குப்பைக்குத்தான் என்பதும் சரியல்ல: காய்வதற்குள் பறித்தால் சாறு பிழியலாம். நேவல் ரகத்தில் மட்டும் கவனம் வேண்டும். திசு சிதைந்தபின் லிமோனின் உருவாகி, சாறு நேரம் போகப்போகக் கசக்கும்.

மரத்தின் கதை இன்னும் நீளம். 1894 டிசம்பர் கடைசியில் புளோரிடாவைத் தாக்கிய உறைபனியில் பழங்கள் போயின, மரங்கள் பிழைத்தன. ஜனவரி வெதுவெதுப்பில் துளிர் விட்டன. 1895 பிப்ரவரி 7, 8 தேதிகளில் மறுபடி வந்த குளிர் அந்தத் துளிரோடு மரங்களையும் தரைமட்டம் வரை கருக்கியது.

இலையைப் படிப்பதிலும் இதே தலைகீழ்தான். மளமளவென்று இலை கொட்டினால் மரம் போய்விட்டதாகப் பதறுவார்கள். இலையைக் கழற்றிவிடக் கிளைக்கு உயிர் வேண்டும். பழுப்பேறிய இலை உதிராமல் ஒட்டிக்கொண்டே நின்றால்தான் அந்தக் கிளை செத்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்காகவும் உடனே ரம்பத்தை எடுக்கக் கூடாது. உயிருள்ளது எது, பட்டுப்போனது எது என்று வசந்தத் துளிர் பிரித்துக் காட்டும்வரை ரம்பம் கொட்டகையிலேயே கிடக்கலாம்.