மாட்டத் தெரிந்தால் போதுமா, கழற்றத் தெரிய வேண்டாமா?

"ஐயா, சைக்கிள் ஓடுறப்ப விழலைங்க. நின்னுக்கிட்டு இருந்தப்ப விழுந்துட்டேன்!"

எரியோட்டில் நம் வைத்தியசாலைக்கு வந்த அந்த நாற்பது வயதுக்காரர் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய வலது மணிக்கட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து தினமும் காலையில் கியர் சைக்கிளில் வேடசந்தூர் வரை போய் வருகிறவர். பெங்களூரில் இருக்கும் மைத்துனர், ஷூவோடு சேர்ந்து 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும் புதுவகைப் பெடலை வாங்கி வந்து பொருத்திக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை, ரோட்டின் குறுக்கே ஆட்டு மந்தை. இவர் பிரேக் பிடித்தார். சைக்கிள் நின்றது. கால் வரவில்லை! வெட்டிய வாழை மரம் மாதிரி அப்படியே வலது பக்கம் சாய்ந்து, கையை ஊன்றிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த விபத்து இவருக்கு மட்டும் நடப்பதில்லை. இந்தப் பெடலுக்கு மாறுகிறவர்களில் பலர் முதல் சில வாரங்களில் இப்படித்தான் விழுகிறார்கள். அதுவும் வேகத்தில் அல்ல, நிற்கும்போது!

இது என்ன பெடல்?

அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் பெடலில் கூண்டும் தோல்வாரும் வைத்துக் காலைக் கட்டிக்கொள்வார்கள். கழற்ற வேண்டுமென்றால் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். 1984-ல் 'லுக்' என்ற பிரெஞ்சு நிறுவனம், பனிச்சறுக்குக் காலணி பலகையில் மாட்டிக்கொள்ளும் முறையைச் சைக்கிளுக்குக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டே பெர்னார் இனோ இந்தப் பெடலோடு 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை வென்றார். 1990-ல் ஜப்பானின் 'ஷிமானோ' நிறுவனம் மண்பாதைக்கு ஏற்ற 'எஸ்.பி.டி.' பெடலைக் கொண்டு வந்தது. பழைய கூண்டு இல்லாததால் இதற்குக் 'கிளிப்லெஸ்' என்று பெயர். பெயரில்தான் கிளிப் இல்லை, வேலையே கிளிப் போல மாட்டுவதுதான்!

ஷூவின் அடியில் 'கிளீட்' என்ற சின்னத் துண்டு திருகப்பட்டிருக்கும். அதன் முன்நுனியைப் பெடலில் நுழைத்து அழுத்தினால், ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். விடுவிக்க வேண்டுமென்றால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இங்கேதான் சங்கதி இருக்கிறது. விழப் போகிறோம் என்றால் மனிதன் காலைத் தானாகவே மேலே தூக்குவான். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம் அது. பெடலோ மேல்நோக்கி இழுத்தால் விடாதபடி செய்யப்பட்டது. புதுப் பழக்கம் உடம்பில் ஊறுவதற்கு முன்பே ரோட்டுக்குப் போனால், பழைய பழக்கம்தான் முந்திக்கொள்ளும்.

அபிமன்யுவுக்குச் சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது. நம் நண்பரும் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

விழுந்ததைவிடப் பெரிய தப்பு

அவர் என்னிடம் வந்தது விழுந்து ஐந்து நாள் கழித்து! "வெறும் சுளுக்குதான்னு நெனச்சு, தைலம் போட்டு அரக்கி உருவி விட்டேன் சாமி" என்றார் கூட வந்த அவருடைய அம்மா. தினமும் இரண்டு வேளை!

பெருவிரலை விரித்து நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழியில் லேசாக அழுத்தினேன். "ஆ!" என்று துள்ளிவிட்டார். உள்ளே 'ஸ்கேஃபாய்ட்' என்ற முந்திரிப்பருப்பு அளவு எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு விரிசல் விடும் எலும்புகளில் இது முக்கியமானது. இதற்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய், காலத்துக்கும் மணிக்கட்டு வலியும் பலவீனமும் தங்கிவிடும்.

திண்டுக்கல்லுக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். திரும்பி வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. "எலும்பு முறிவு எதுவும் தெரியலைன்னுட்டாங்க ஐயா. நீங்க தைலம் குடுங்க!"

நான் கொடுக்கவில்லை. இந்த எலும்பின் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. குழியில் வலி இருந்தால் முறிவு என்றே வைத்துக்கொண்டு, கையை அசையாமல் கட்டி, பத்து முதல் பதினான்கு நாள் கழித்து மறுபடி படம் எடுக்க வேண்டும். எலும்பு மருத்துவரும் அதையேதான் சொன்னார். இரண்டாவது படத்தில் விரிசல் தெளிவாகத் தெரிந்தது! மாவுக்கட்டோடு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தார். நல்லவேளை, எலும்பு கூடிவிட்டது.

சித்த மருத்துவன் தைலத்தை வேண்டாம் என்கிறானே என்று நினைக்காதீர்கள். தைலத்துக்கு ஒரு காலம் உண்டு. முறிவு இல்லை என்று உறுதியான பிறகு, வீக்கம் வடிந்த பிறகு, வைத்தியர் சொன்ன பிறகு போடலாம். அடிபட்ட அன்றே உருவுவது, விரிசலை விலக்கிவிடும்; உள்ளே ரத்தக்கட்டையும் பெரிதாக்கும்.

அடிபட்ட உடனே என்ன செய்ய வேண்டும்?

மோதிரம், வளையல், கடிகாரத்தை வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். அடிபட்ட கையை அட்டை அல்லது ஸ்கேல் வைத்துத் துணியால் கட்டி, தூளி போலக் கழுத்தில் தொங்கவிடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் ஒற்றி எடுக்கலாம். சிராய்ப்பை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு மண் போகக் கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்புவது வேண்டாம். தடுப்பூசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தோள்பட்டைக்கு முன்னால் உள்ள காறை எலும்பில் வலியோ மேடோ தெரிந்தாலும், இடுப்பில் அடிபட்டுக் கால் ஊன்ற முடியாவிட்டாலும், விரல் மரத்தாலும் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், காது மூக்கில் ரத்தம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரோட்டுக்குப் போகும் முன் வீட்டில் பயிற்சி

* வீட்டுச் சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, சுவரைப் பிடித்தபடி உட்காருங்கள். ஒவ்வொரு காலையும் ஐம்பது தடவை மாட்டிக் கழற்றுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வெளியே திருப்புவது சுலபம்.

* பிறகு பள்ளி மைதானம் போன்ற காலி இடத்தில் மெதுவாக ஓட்டி, நின்று, மறுபடி கிளம்பிப் பழகுங்கள். பேசிக்கொண்டே நிறுத்தினாலும் கால் தானாகக் கழன்று வரும் வரை ரோட்டுக்குப் போக வேண்டாம்.

* நம் ஊரில் இடது பக்கம் போகிறோம். ஆகவே இடது காலை முதலில் கழற்றி, ரோட்டோரமாக ஊன்றப் பழகுங்கள். வலது பக்கம் சாய்ந்தால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன்னால் விழ நேரும்.

* நின்ற பிறகு கழற்றாதீர்கள், நிற்பதற்கு முன்பே கழற்றுங்கள். ஆடு மாடு, வேகத்தடை, பஸ் ஸ்டாப், கடைவீதி எது கண்ணில் பட்டாலும் ஒரு கால் வெளியே இருக்கட்டும்.

* ஸ்பிரிங் இறுக்கத்தை ஆரம்பத்தில் மிகக் குறைவாக வையுங்கள். எஸ்.பி.டி. பெடலில் ஒரே பக்கம் திருப்பினால் விடும் கிளீட்டும் உண்டு, பல பக்கமும் விடும் கிளீட்டும் உண்டு. புதியவர்கள் இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

* கிளீட் திருகாணிகளை வாரம் ஒரு முறை பாருங்கள். ஒன்று கழன்றுவிட்டால் ஷூ திரும்பும், கிளீட் திரும்பாது. அப்போது எவ்வளவு பழகியவருக்கும் கால் வராது! மண் அடைத்திருந்தாலும் இதே கதிதான்.

* ஹெல்மெட் கட்டாயம். விழும்போது கையை விறைப்பாக நீட்டி ஊன்றாதீர்கள்.

* கிளீட் கோணலாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் முறுக்கப்படும். புதுப் பெடலுக்குப் பிறகு முழங்கால் வலி வந்தால், மூட்டு தேய்ந்துவிட்டதோ என்று பயப்படுமுன் கிளீட்டைச் சரிபாருங்கள்.

யாருக்கு வேண்டாம்?

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், எலும்பு வலுக்குறைந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தடுமாற்றம் உள்ளவர்கள், குழந்தைகள் — இவர்களுக்கு இந்தப் பெடல் வேண்டவே வேண்டாம். பந்தயத்துக்குப் போகாமல் உடம்புக்காக ஓட்டுகிறவர்களுக்குச் சாதாரண அகலப் பெடலே தாராளம். சர்க்கரையைக் குறைப்பது மிதிக்கும் கால்தானே தவிர, பெடலின் விலை அல்ல!

எலும்பு கூடும் காலத்தில் கேழ்வரகு, எள், பால், முட்டை, கீரை நன்றாகச் சாப்பிடுங்கள். பிரண்டைத் துவையலும் நல்லது. இளம் தண்டை நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரையுங்கள். இல்லாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். ஆனால் துவையல் மாவுக்கட்டுக்குத் துணைதான், மாற்று அல்ல.

நம் நண்பர் இப்போது மறுபடி வேடசந்தூர் ரோட்டில் போகிறார், பழைய சாதாரணப் பெடலில். சென்ற வாரம் மூட்டு வலிக்காக வந்த அவருடைய அம்மா சொன்னார்: "இப்பல்லாம் பேரப்புள்ளைக விழுந்தா தைல பாட்டிலைத் தேடுறதில்லை சாமி. மொதல்ல 'படம் எடுத்தீங்களா'ன்னுதான் கேக்குறேன்!"