தாடை தாங்கும் சுமை

நுழையும்முன்

பல் போனால் சொல் போகும் என்பர். சொல்லோடு முறுக்கும் கடலையும் கரும்பும் போய்விடுகின்றன. இழந்த பல்லின் இடத்தில் உலோக வேரை ஊன்றி, அதன்மேல் புதிய பல்லைப் பொருத்தும் மருத்துவமுறை இன்று பரவலாகியுள்ளது. கடிக்கும் விசை அவ்வேரின் வழியே எலும்புக்குள் எவ்வாறு இறங்குகிறது? பல் எப்பொருளால் ஆனது என்பது அதனை எவ்வளவு மாற்றும்? இவ்வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

மெத்தை இல்லாத வேர்

இயற்கைப் பல் தாடை எலும்பை நேராகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே பற்சூழ் நார்கள் என்னும் மெல்லிய படலம் உள்ளது. அதன் தடிமன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். கடிக்கும்போது பல் சிறிது அமிழ்ந்து மீள இப்படலமே இடந்தருகிறது. சோற்றில் கல் அகப்பட்டவுடன் தாடை தானாக நின்றுவிடுவதற்கும் இதிலுள்ள உணர்நரம்புகளே பெரிதும் காரணம்.

'இம்பிளாண்ட்' என மக்கள் வழங்கும் பல் உள்வைப்பில் இந்த மெத்தை இல்லை. எலும்பு உலோகத்தை நேரே பற்றிக்கொள்கிறது. இயற்கைப் பல் 25 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை அசையக்கூடிய இடத்தில், உள்வைப்பு 3 முதல் 5 மைக்ரோமீட்டரே அசைகிறது. உணர்வும் குறைவாதலால், அதனை உடையவர் தம்மை அறியாமலே கூடுதல் விசையுடன் கடித்துவிடுவதுண்டு. கடைவாய்ப் பற்கள் முழுவிசையோடு கடிக்கும்போது அவ்விசை 500 நியூட்டனையும் எட்டும். ஏறத்தாழ 50 கிலோகிராம் எடையைப் பல்லின்மேல் ஏற்றியதற்கு அது ஒப்பாகும்.

முயலின் எலும்பு கற்பித்த பாடம்

எலும்பும் டைட்டேனியமும் கொள்ளும் இவ்வுறவு தற்செயலாகப் புலப்பட்டது. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் 1952ஆம் ஆண்டு பெர் இங்வார் பிரோனெமார்க் என்னும் ஆய்வாளர், முயலின் கால் எலும்பில் சிறு டைட்டேனியக் கூடுகளைப் பதித்துக் குருதியோட்டத்தை ஆராய்ந்து வந்தார். ஆய்வு முடிந்து கூடுகளை எடுக்க முயன்றபோது அவை வரவில்லை. எலும்பு அவற்றோடு ஒன்றியிருந்தது. 1965ஆம் ஆண்டு கோத்தன்பர்க் நகரில் அவர் மனிதத் தாடையில் டைட்டேனிய வேர்களைப் பொருத்தினார்.

விறைப்பும் வலிமையும்

உடைக்க முடியாத பொருளே சிறந்த பொருள் எனக் கருதுவது இயல்பு. பொறியியல் அவ்வாறு கருதுவதில்லை. மூங்கில் வளையும், ஆயினும் எளிதில் உடையாது. கண்ணாடி வளையாது, ஆயினும் நொறுங்கிவிடும். வளையாமல் எதிர்த்து நிற்கும் பண்பு விறைப்பு. உடையாமல் தாங்கும் பண்பு வலிமை. விறைப்பை யங் குணகத்தால் அளப்பர்.

தாடையின் மேற்புறத்திலுள்ள கெட்டியான எலும்பின் யங் குணகம் ஏறத்தாழ 15 ஜிகா பாஸ்கல். உள்ளேயுள்ள பஞ்செலும்புக்கு அது மிகக் குறைவு. டைட்டேனியத்துக்கு 110, எஃகுக்கு 200, வெண்பீங்கான் போன்ற சிர்கோனியாவுக்கு 210. விறைப்பு வேறுபட்ட இரு பொருள்கள் ஒன்றியிருக்கும்போது, சுமை முதலில் கைமாறும் இடத்தில் தகைவு குவியும். உள்வைப்பில் அவ்விடம் வேரின் கழுத்து, அதாவது கெட்டி எலும்பின் விளிம்பு. சாய்வாகக் கடிக்கும்போது குவிப்பு இன்னும் மிகும்.

அவ்வாறாயின் எலும்பைவிட மென்மையான பொருளால் வேரைச் செய்தால் என்ன? கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். பீக் என்னும் பலபடிப் பொருளின் யங் குணகம் 4 ஜிகா பாஸ்கல் அளவே. ஆனால் அத்தகைய வேர் கழுத்திலேயே வளைந்துவிடுவதால் சுமை ஆழத்துக்கு இறங்குவதில்லை. விளிம்பெலும்பின் பாடு கூடுகிறது. மாறாக, வேர் மிகவும் விறைப்பாயின் சுமையைத் தானே ஏற்றுக்கொண்டு சூழ்ந்த எலும்புக்கு வேலையின்றிச் செய்துவிடும். வேலையற்ற எலும்பு தேயும் என்பதை இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சை மருத்துவர் நன்கறிவர். டைட்டேனியம் இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே நிற்கிறது.

மேலுறை செய்வதும் செய்யாததும்

வேரின்மேல் பொருத்தும் உறையை மக்கள் 'கேப்' என்பர். இவ்வுறை அக்ரிலிக் போன்ற மென்பொருளாயின் அதிர்ச்சியை உறிஞ்சி எலும்பைக் காக்கும் என்னும் கருத்தை 1983இல் ரிச்சர்டு ஸ்காலக் முன்வைத்தார். திடீரென விழும் அடியைப் பொறுத்தவரை அக்கருத்தில் உண்மையுண்டு. ஆனால் மெல்ல அழுத்தும் சுமையைக் கணினியால் கணித்தபோது, உறையின் பொருளை மாற்றினாலும் எலும்பின் தகைவு பெரிதாக மாறவில்லை. மாறியவை உறைக்குள்ளும் அதனைத் தாங்கும் தண்டுக்குள்ளும் எழும் தகைவுகளே. அக்ரிலிக் தேயும், விரைவில் உடையும். பீங்கான் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும். எலும்பைக் காக்க வேண்டுமாயின் உறையின் பொருளைவிட வேரின் விட்டத்தையும் விசையின் திசையையும் முதலில் நோக்குவதே தகும்.

பல பற்களை இணைக்கும் பாலத்தில் நிலைமை வேறு. பந்தலின் குறுக்குக் கழி மெல்லியதாயின், பாரம் தொங்கும் இடத்துக்கு அருகிலுள்ள கால் மட்டுமே அழுந்தும். கழி திண்ணியதாயின் எல்லாக் கால்களும் பங்கேற்கும். வாய் முழுதும் பரவும் பாலத்தின் சட்டகத்தை அக்ரிலிக்கால் மட்டும் செய்யாமல் கோபால்ட்டு குரோமியம், டைட்டேனியம், சிர்கோனியா ஆகியவற்றால் செய்வது இதனாலேயே. இதிலும் ஓர் இடர் உண்டு. விறைப்பான சட்டகம் வேர்களோடு துல்லியமாகப் பொருந்தாவிடில், திருகுகளை முடுக்கும்போதே தகைவு உள்ளே பூட்டப்பட்டுவிடும். நோயாளி எதையும் கடிக்காத வேளையிலும், உறங்கும் வேளையிலும் அத்தகைவு நீங்குவதில்லை. சட்டகம் செய்யும் தொழில்நுட்பரின் கைநுட்பம் இங்கு மருத்துவரின் கைநுட்பத்துக்குக் குறைந்ததன்று.

திருகின் இடம்

உறையையும் வேரையும் பிணைப்பது 2 மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்ட திருகு. முடுக்கும்போது அது நுண்ணளவு நீண்டு, மீளத் துடிக்கும் அவ்விழுவிசையால் இரு பகுதிகளையும் இறுகப் பிடிக்கிறது. இப்பிடி தளர்ந்தால் ஒவ்வொரு கடியிலும் இணைப்பு அசையும். ஒருநாள் திருகே முறியலாம்.

முன்பற்களில் ஈற்றின் வழியே உலோகச் சாயல் தெரியாதிருக்க, தாங்கும் தண்டைச் சிர்கோனியாவால் செய்வர். சிர்கோனியா டைட்டேனியத்தைவிடக் கடினமானது. இரண்டும் நேரே உரசும் இடத்தில் தேய்வது தண்டன்று, எலும்புக்குள் நிலையாக ஊன்றிய வேர். உடைந்த தண்டை மாற்றிவிடலாம். தேய்ந்த வேரை எலும்பைக் குடையாமல் மாற்ற இயலாது. ஆகவே சிர்கோனியாத் தண்டின் அடியில் சிறு டைட்டேனியத் தளத்தை ஒட்டி, அத்தளமே வேரோடு பொருந்துமாறு இன்று பலரும் அமைக்கின்றனர்.