தொட்டியில் பிரண்டை வளர்ப்போம்



சென்ற மாதம் எர்ணாவூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. குழுவில் ஐந்து பேர் சேர்ந்து பிரண்டைத் தொக்கு செய்து 30 பாட்டில் விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்களில் பாதிப்பேர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். "வாயில வச்சா தொண்டையெல்லாம் அரிக்குதுன்றாங்க மேடம். எல்லாருக்கும் காச திருப்பிக் குடுத்துட்டோம்" என்றார் ஊக்குநர். எண்ணெய், புளி, பாட்டில் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் நட்டம். அந்த மாதம் இரண்டு பேரால் கடன் தவணை கட்ட முடியவில்லை.

பிரண்டையை எங்கே பறித்தீர்கள் என்று கேட்டோம். ரயில் பாதை ஓரத்திலும், கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்து வேலியிலும் என்றார்கள். முற்றிய கொடி. அவசரத்தில் நாரையும் சரியாக உரிக்கவில்லை. இதில் தவறு இரண்டு. ஒன்று சமையலில் நடந்தது, அது தொண்டையில் தெரிந்துவிட்டது. இன்னொன்று பறித்த இடத்தில் நடந்தது. அது வாயில் தெரியாது. அதனாலேயே அதுதான் பெரிய தவறு என்று நாங்கள் சொன்னோம்.

நம் பகுதியில் வேலியில் படர்ந்திருக்கும் கொடி மேல் நிலக்கரித் தூசி, லாரிப் புகை, ரோட்டுப் புழுதி எல்லாம் படிகிறது. அதைக் கழுவிவிடலாம். ஆனால் வேர் வழியாக உள்ளே போனதைக் கழுவ முடியாது. அனல் மின் நிலையச் சாம்பல் கொட்டிய இடத்திலும், அந்தச் சாம்பல் குழாய் உடைந்து பரவிய இடத்திலும் மண்ணில் ஆர்செனிக், ஈயம், பாதரசம் போன்ற நச்சுப் பொருட்கள் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தண்ணீர் நின்ற இடத்து மண்ணை எடுத்துச் சாப்பிடும் செடிக்குப் போடக் கூடாது. சாப்பிடுவதற்கும் விற்பதற்கும் வேண்டிய பிரண்டையை நாமே வீட்டில் வளர்த்துக்கொள்வதுதான் வழி. இடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குடியிருப்பு மாடிக் கைப்பிடிச் சுவர் போதும்.

முதலில் கொடியைச் சரியாக அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சதைப்பற்றான நாலு பட்டைத் தண்டு, இடையிடையே கணு, கணுவில் சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி இருக்கும். இளங்கணுவில் மட்டும் இலை இருக்கும், முற்றினால் உதிர்ந்துவிடும். சதுரக்கள்ளியும் தூரத்தில் பார்த்தால் இப்படித்தான் தெரியும். அதில் முள் இருக்கும், ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிரண்டையை ஒடித்தால் பால் வராது. சந்தேகம் இருந்தால் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் நட வேண்டும்.

தொட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. காசிமேட்டில் உடைந்து கிடக்கும் தெர்மாகோல் மீன் பெட்டி நல்ல பெட்டிதான். உப்பும் கவிச்சியும் போக இரண்டு மூன்று முறை கழுவி, அடியில் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். ஆனால் மணலி, திருவொற்றியூர் பக்கம் மலிவாகக் கிடைக்கிற கெமிக்கல் கேனை வெட்டித் தொட்டியாக்க வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

மண் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு உடைத்த செங்கல் துண்டு. கடல் மணல் கூடாது, உப்பு செடியைக் கொன்றுவிடும். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். "சாம்பல் உரம்தானே" என்று எண்ணூரில் ஒரு அக்கா மின் நிலையச் சாம்பலை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். நம் பாட்டி போட்டது விறகு அடுப்புச் சாம்பல். இது நிலக்கரிச் சாம்பல். இரண்டும் ஒன்றில்லை.

ரொம்ப இளசும் இல்லாமல் ரொம்ப முற்றலும் இல்லாமல் மூன்று கணு உள்ள துண்டாக வெட்டுங்கள். விதைக் கொடி சுத்தமான இடத்தில் இருந்து வந்தால் நல்லது. வெட்டியதும் நடாதீர்கள். இரண்டு நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். அந்தக் கணுவில்தான் வேர் விடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம்மவர்கள் பாசத்தில் கெடுத்துவிடுகிறோம். தினமும் காலையில் கோலம் போட்ட கையோடு ஒரு சொம்பு ஊற்றினால் பதினைந்து நாளில் தண்டு கொழகொழவென்று அழுகிவிடும். பிரண்டைத் தண்டு பகல் வெயிலில் தன் நுண் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை இழுக்கும். அதனால் அதற்கு நீர்ச் செலவு குறைவு. தண்டே தண்ணீர்க் குடம் மாதிரிதான். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷினில் இருந்து கழியும் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு கூடுதல். ராயபுரம் பக்கம் போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு என்று புரிந்துகொள்ளுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியில் தண்ணீர் தேங்காது.

அரை நாள் வெயில் போதும். கொடி ஏற, வீட்டில் கிழிந்து கிடக்கும் பழைய வலையைச் சுவரில் கட்டிவிடுங்கள், பற்றுக்கம்பி தானே பிடித்துக்கொள்ளும். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வாலில் கொம்பு வைத்த பெரிய புழு சில சமயம் வரும், ஒரே ராத்திரியில் இளங்கொழுந்தை மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்துப் போட்டால் போதும், மருந்து தேவையில்லை.

முதல் ஆறு மாதம் பறிக்காமல் விடுங்கள். பிறகு நுனியில் இருந்து இரண்டு மூன்று கணு மட்டும் கிள்ளுங்கள். கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை வரும்.

இப்போது அரிப்புக்கு வருவோம். பிரண்டையில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற படிகமாக இருக்கிறது. கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு அரிப்பதும் இதனால்தான். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை வெட்டி எறிந்து, நாலு பட்டையிலும் நாரை உரித்து, சிறு துண்டாக்குங்கள். நல்லெண்ணெயில் நிறம் மாறிச் சுருங்கும் வரை வதக்க வேண்டும். பச்சை நிறம் இருக்கும்போதே இறக்கினால் அரிக்கும். புளி தாராளமாக விடுங்கள். விற்பதற்கு முன்னால் குழுவில் இரண்டு பேராவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த 30 பாட்டிலில் ஒன்றைக் கூட யாரும் ருசி பார்க்கவில்லை என்று பிறகுதான் சொன்னார்கள்! உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் கடைக்குக் கொடுக்க வேண்டாம்.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. பிரண்டைக்கு வச்சிரவல்லி என்று சித்த மருத்துவத்தில் பெயர் உண்டு. எலும்புக்கு நல்லது என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள். அதற்காகக் கை ஒடிந்த பிள்ளைக்குப் பிரண்டை அரைத்துக் கட்டிவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுங்கள். துவையல் துவையலாகவே இருக்கட்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அடிக்கடி சாப்பிட வேண்டாம்.

எர்ணாவூர் குழுவில் இப்போது எட்டு வீட்டு மாடியில் பெட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று பெட்டி தண்ணீர் அதிகமாகி அழுகிவிட்டது. மீதி துளிர்த்திருக்கிறது. உங்கள் அடுத்த கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் இதைப் பேசுங்கள். உங்கள் தெருவில் எந்த மண் நம்பகமானது, எந்த இடத்தில் வெள்ளம் நின்றது, யார் வீட்டில் அரை நாள் வெயில் வருகிறது என்று எழுதி வையுங்கள். கொடித் துண்டு வேண்டும் குழுக்கள் பிரதிநிதி மூலம் சொல்லி அனுப்பினால், கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது மூன்று கணுத் துண்டுகளாக வெட்டிக் காயவைத்து எடுத்து வருகிறோம்.