நம்ம குழுவில் வைத்தி யார்?



ஆரம்பாக்கத்தில் நடந்த குழுப் பயிற்சியில் இந்த முறை எடுத்துக்கொண்ட பாடம், ஒரே வேலையில் இருப்பவர்களுக்குள் வரும் போட்டி. விடியறதுக்கு முன்னாடியே மீன் எடுக்கப் போய்விட்டு வந்தவர்களை உட்கார வைத்துக் கரும்பலகையில் எழுதினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அதனால் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைப் போட்டோம். நீளமான படம், இரண்டு மதியமாகப் பிரித்துக்கொண்டோம். "இதுக்கா பயிற்சின்னு கூப்பிட்டீங்க?" என்று ஒரு அக்கா சிரித்தார். ஆனால் முதலில் வந்து முன்னாடி பாய் பிடித்தவரும் அவர்தான்.

படம் 1968-ல் வந்தது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக எடுத்தார். நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, நாட்டியக்காரி மோகனாம்பாளாக பத்மினி. இரண்டு பேருக்கும் பிழைப்பு கோவில் திருவிழாவில்தான். ஒரே இடம், ஒரே கூட்டம், இரண்டு கலைஞர்கள். இப்படி இருந்தால் உரசல் வராமல் இருக்குமா?

தொடக்கத்திலேயே சிரிப்புதான். அழகர்கோவிலில் சண்முகசுந்தரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை வெடிக்கிறது. ஜனம் அந்தப் பக்கம் திரும்புகிறது. அவருக்குக் கோபம், வாசிப்பை நிறுத்திவிடுகிறார். அதோடு விட்டாரா? மோகனாவின் ஆட்டத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று தன் ஆட்களுக்குக் கட்டளை போடுகிறார். அப்புறம் அவரே போய்த் தூண் மறைவில் நின்று பார்க்கிறார்! அவர் ஒளிந்திருப்பது ஆடுகிற மோகனாவுக்கும் தெரிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் படத்தை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டோம்: "அவர் ஏன் ஒளிஞ்சு பார்த்தார்?" ஒருவர் ஆசை என்றார், இன்னொருவர் பொறாமை என்றார். கருவாடு விற்கும் ஒரு பெரியம்மா, "அந்தப் பொண்ணுக்கு நல்லா ஆட வரும்னு அந்தாளுக்குத் தெரியும். தெரிஞ்சதை வாயால சொல்ல மனசு வரல" என்றார். பயிற்சிப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதியிருப்பதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இருவருக்கும் நடக்கும் போட்டி ஊர் கூடிய சபையில் நடக்கிறது. அவர் வாசிக்க, இவர் ஆட, எல்லோர் கண்ணுக்கும் முன்னால். அங்கே மோகனாவின் திறமையைச் சண்முகசுந்தரம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டியால் யாருக்கும் கேடு வரவில்லை. கேடு வந்தது மறைவிலிருந்து. பொறாமைக்காரன் ஒருவன் எறிந்த விஷக்கத்தி சண்முகசுந்தரத்தின் மேல் பாய்கிறது.

கத்தி எறிகிறவன் வில்லன் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாம் கவனிக்க வேண்டிய ஆள் சவடால் வைத்தி. நாகேஷ் வரும்போதெல்லாம் அறையே அதிர்ந்தது. இங்கே ஒரு பேச்சு, அங்கே ஒரு பேச்சு. சண்முகசுந்தரமும் மோகனாவும் நேராக உட்கார்ந்து பேசிவிட்டால் வைத்திக்கு வேலையே இல்லை. அவர்கள் பேசாமல் முறுக்கிக்கொண்டு நிற்பதால்தான் அவர் சிங்கபுரம் மைனரிடமும், பிறகு மதன்பூர் மகாராஜாவிடமும் தரகு வேலை பார்க்க முடிகிறது. சண்முகசுந்தரத்துக்கோ கேட்டதை விசாரிக்காமல் சந்தேகப்படும் புத்தி. படத்தின் பாதித் துயரம் அதனால் வந்தது என்பது எங்கள் கருத்து.

இனி நம்ம கதைக்கு வருவோம். குழுவின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். ஏரிக்கரைக் குழு ஒன்றில் ஊக்குநர் அக்கா கணக்கில் கெட்டி, ஐந்து ரூபாய் சந்தா விடுபட்டாலும் பிடித்துவிடுவார். பிரதிநிதி வயதில் சின்னவர், பத்தாவது வரை படித்தவர். பேங்கில் பயப்படாமல் பேசுவார். ஒரு நாள் பார்வையிட வந்தவர்களிடம் சின்னவரே எல்லாம் பேசினார், போட்டோவிலும் நடுவில் நின்றார். அக்காவுக்கு மனசு சுருங்கிவிட்டது.

இதைப் பார்த்த மூன்றாவது பெண் ஒருவர், "உனக்கு எதுவும் தெரியாதுன்னு பேங்க்ல சொல்லிச்சாம்" என்று அக்காவிடம் சொன்னார். "கணக்குல நீ கை வச்சிருக்கேன்னு அக்கா சந்தேகப்படுறாங்க" என்று சின்னவரிடம் சொன்னார். அவ்வளவுதான். பாஸ்புக் ஒரு வீட்டில், தீர்மானப் புத்தகம் இன்னொரு வீட்டில். பணம் எடுக்கக் கூட்டுக் கையெழுத்து வேண்டும், இருவரும் ஒன்றாகப் போகவே இல்லை. மூன்று மாதம் கடன் வேலை நின்றது. ஐப்பசி மழை வந்து தொழில் படுத்த நேரம், உறுப்பினர் ஒருவர் வலை வாங்க வெளியே பத்து வட்டிக்கு வாங்கினார். அவரை அந்த வட்டிக்காரரிடம் கூட்டிக்கொண்டு போனது யார் தெரியுமா? அதே மூன்றாவது பெண்தான்.

இதில் எங்கள் தப்பும் உண்டு. அக்கா வீட்டில் டீ குடித்து அவர் குறையைக் கேட்டோம். பிறகு சின்னவர் வீட்டுக்குப் போய், "அக்காவுக்கு வருத்தமாம்" என்று ஆரம்பித்தோம். சமாதானம் பண்ணுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாங்களும் கொஞ்சம் வைத்தி வேலை பார்த்திருக்கிறோம்.

கடைசியில் கூட்டத்திலேயே பேச வைத்தோம். கணக்கு நோட்டை எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகப் படித்தோம். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. யார் என்ன சொன்னார் என்பதைச் சொன்னவரே எழுந்து சொல்ல வேண்டும் என்றதும் மூன்றாவது பெண் தண்ணீர் குடிக்க வெளியே போனவர்தான், அன்று திரும்பவில்லை. அக்காவும் சின்னவரும் அன்றே தோளில் கை போட்டுக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இன்றும் தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. ஆனால் பேங்குக்குச் சேர்ந்து போகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் பாடு முறை பற்றிப் பேச்சு வந்தது. பழவேற்காடு ஏரியில் வலை போடும் இடங்களைத் தலைக்கட்டுக்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது நமக்குத் தெரிந்ததுதான். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். இறால் அதிகம் படும் இடம் ஒருத்தருக்கே நிலைத்தால் தினம் சண்டைதானே? அதிலும் வழக்கு வராமல் இல்லை, பாடு இல்லாத இருளர்களுக்கு அந்த முறையில் இடமும் இல்லை. பெண்கள் பெயரிலும் பாடு கிடையாது. "ஆம்பளைங்க ஏரிக்கு முறை வச்சிருக்காங்க, நாம மைக்குக்கு முறை வச்சா என்ன?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் தீர்மானம் எழுதினார்கள். வருகிறவர்களிடம் பேசுவதும், பேங்குக்குத் துணை போவதும் மாதம் ஒருவர் முறை. முதல் மாதம் பேச எழுந்தவருக்குக் கை நடுங்கியது. அக்காதான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார்.

படத்தைப் பற்றி இன்னும் ஒரு சேதி. திரையில் நாயனம் வாசிப்பது சிவாஜியும் ஏ.வி.எம்.ராஜனும். உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இரண்டு நாயனம் சேர்ந்து ஒலித்ததைத்தான் நாம் ஒரே வாசிப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதைச் சொன்னதும், சிவாஜி நிஜமாகவே ஊதினார் என்று நம்பியிருந்த பெரியம்மா எங்களோடு சண்டைக்கே வந்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள். நம்ம குழுவில் ஒருவர் செய்த நல்ல வேலையைக் கடைசியாக எப்போது கூட்டத்தில் சொன்னோம்? "அவங்க சொன்னாங்க" என்று யாராவது வந்தால், அவங்களையே கூப்பிட்டுக் கேட்கிறோமா? நம்ம பாஸ்புக்கும் தீர்மானப் புத்தகமும் இப்போது யார் வீட்டில் இருக்கின்றன?