ஸ்காண்டிநேவியாவிற் சைவவுணவு

ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கு என்னும் மூன்றனையும் ஸ்காண்டிநேவியா என்ப. குளிர்மிக்க அந்நாடுகளிற் புலால் மறுத்தார்க்கு உணவு கிடைத்தல் அரிதென்பது நம்மவர் பலரது துணிபு. யாமும் அங்ஙனமே கருதி, அவலும் பொரிமாவுங் கட்டிக்கொண்டு சென்றேம். அவை பெரும்பாலும் மூட்டையிலேயே தங்கின. ஆண்டு மரக்கறியுணவினர் சங்கங்கள் நேற்றுத் தோன்றியன அல்ல. டென்மார்க்கில் 1896இலும் ஸ்வீடனில் 1903இலும் எழுந்தன. 'வெகெத்தாரிஸ்க்' என்னும் ஒரு சொற் கூறின், உண்டிச்சாலையார் முகஞ்சுளியாது உணவு தருகின்றனர். மால்மோ நகரிலோ மேலையாசியாவினின்று குடியேறினோர் கொண்டைக்கடலையை அரைத்துப் பொரிக்கும் 'பலாபெல்' பல தெருக்களிலும் உண்டு. நம் மசால்வடைக்கு உடன்பிறப்பென்னலாம்.

இனி, இடர் யாண்டுளது எனிற் கூறுதும். ஸ்வீடனில் வியாழக்கிழமைதோறும் மஞ்சட்பட்டாணிக் கஞ்சி வழங்குதல் பழைய மரபு. காண்டற்கு நம் பருப்புக்குழம்பே. உள்ளே பன்றியூன் கிடக்கும். அது கண்ணுக்குப் புலனாதலின் விலக்குதல் எளிது. புலனாகாதது பாற்கட்டி. மோர்கொண்டு பாலை உறைவிக்கும் நம் வழக்குப்போலாது, பாற்குடிமாறாக் கன்றைக் கொன்று அதன் நான்காம் இரைப்பையினின்றெடுத்த 'லோபெ' என்னும் உறைபொருளால் உறைவித்தல் அந்நாட்டார் தொன்முறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு 1169ஆம் எண் விதி, ஒவ்வாமையுடையார் பொருட்டுப் பால், முட்டை, மீன் என்பவற்றைப் பொதிமேல் விளங்க எழுதுக என்கின்றது. பாற்கட்டியின் உறைபொருளை எழுதுமாறு கட்டளையிட்டிலது. இதனை அறியாது நான்குநாள் காலைதோறும் பாற்கட்டி உண்டேம். ஐந்தாம் நாள் கடைக்காரரை வினவ, 'கன்றினதே' என்றார்.

'அறியாது உண்டமையிற் குற்றமின்று' என உடன்வந்த அன்பர் ஆற்றுவித்தார். உண்டவன் வினை அதனாற் குறையலாம். கன்றின் உயிர் மீளுமோ? அன்றியும், வினவியறிதற்கு வாயிருப்ப வினவாதிருந்தேம். அதனை அறியாமையென்றல் பொருந்தாது, சோம்பலென்க.

ஆகலின் அவண் செல்வார் 'வெகெத்தாரிஸ்க்' என்பதனோடு அமையாது, 'லோபெ யாது?' எனவும் வினவுக. நுண்ணுயிர்களால் ஆக்கப்படும் உறைபொருளிட்ட பாற்கட்டிகளும் விற்கப்படுகின்றன. நார்வேயார் விரும்பும் பழுப்புநிறப் பாற்கட்டி, பால் திரிந்தபின் நிற்கும் நீரைக் காய்ச்சிச் செய்வது. அந்நீர் எவ்வுறையாற் பிரிந்ததென்பதையுங் கேட்டல் வேண்டும். இனிப்புப்பொதிகளில் ஜெலட்டின் என்றிருப்பின் தொடற்க.

டென்மார்க்கின் பிராண்டே என்னும் ஊரில் ஈழத்தமிழர் எடுத்த அபிராமியம்மை திருக்கோயிலில் ஒருநாள் எமக்குத் தயிர்ச்சோறு இட்டனர். ஆண்டும் உறை யாதென வினவினேம். 'நேற்றைய மோர்தான் ஐயா' என்று நகைத்தனர்.