நீக்கிய கோப்பை மீட்டல்

பழைய கணினிகளின் எம்எஸ்-டொஸ் பணிசெயல் முறைமையில் கோப்பொன்றை நீக்கும்போது அதன் தரவுகள் வட்டிலிருந்து உடனே அழிவதில்லை. அடைவில் கோப்புப் பெயரின் முதலெழுத்து மாத்திரம் 229 என்னும் பெறுமானத்தால் பிரதியிடப்படும். கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணையில் அதற்குரிய கொத்தணிகள் வெறுமையானவை எனக் குறிக்கப்படும். இதனாலேயே 1991இல் வெளிவந்த எம்எஸ்-டொஸ் 5.0 பதிப்பின் 'அன்டிலீற்' கட்டளை, கோப்பை மீட்க முன்னர் பொதுவாக அதன் முதலெழுத்தை உங்களிடம் கேட்கும்.

வினா: மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவலாகாது. ஏன்?

விடை: புதிதாக எழுதப்படும் தரவுகள், வெறுமையானவை எனக் குறிக்கப்பட்ட அக்கொத்தணிகளிலேயே பதியப்படலாம். மேலெழுதப்பட்ட தரவுகளை மீட்பு மென்பொருளால் மீட்க முடியாது.

எனவே கோப்பொன்றைத் தவறுதலாக நீக்கினால் அவ்வட்டில் எதனையும் சேமிக்காதீர்கள். மென்பொருளை நெகிழ்வட்டு போன்ற வேறொரு வட்டிலிருந்து இயக்குங்கள்.

நினைவிற் கொள்க: நீக்கப்படுதல் வேறு, மேலெழுதப்படுதல் வேறு.