சோயா மொச்சைப் பால்: நுரை பொங்கினால் கொதித்ததாகாது

செங்கற்பட்டு வட்டாரத்தில் நெல்லும் நிலக்கடலையும், மாமல்லபுரம் கடலோர மணற்பாங்கில் சவுக்கும் முக்கியப் பயிர்கள். சோயா மொச்சை இங்கு பெரும்பாலும் கடைச்சரக்கே. நூற்றுக்கு 40 பங்கு புரதம் உள்ளதால், இதை வீட்டிலேயே அரைத்துப் பாலெடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்போர் உண்டு. நல்ல உணவுதான், அரைவேக்காடாக இருந்தால் அதுவே உபாதை.

பச்சைச் சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்ற பொருள் உள்ளது. புரதத்தைச் செரிக்கவைக்கும் டிரிப்சின் நொதியை இது வேலை செய்யவிடாது. லெக்டின், சபோனின் ஆகியவையும் குடலை உறுத்தும். குடித்த ஒரு மணிக்குள்ளேயே குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, பேதி காணலாம். 2003 மார்ச்சில் சீனாவின் ஹைச்செங் நகரில், பள்ளியில் கொடுத்த சோயாப் பாலைக் குடித்துப் பெருந்தொகையான பிள்ளைகள் நோயுற்றனர். பால் சரிவரக் காய்ச்சப்படாததே காரணமென்று கூறப்பட்டது.

பசும்பால் பொங்கியதும் இறக்கிவிடுவது நம் வழக்கம். இந்தப் பழக்கமே இங்கு ஏமாற்றுகிறது. சோயாப் பால் ஏறத்தாழ 80 டிகிரி சூட்டிலேயே, சபோனின் காரணமாக நுரைத்து விளிம்புவரை எழும்பும். அது கொதிப்பு அல்ல. சவுக்கு விறகு எரியும் வேகத்தில் நுரை இன்னும் சீக்கிரம் வரும்.

மொச்சையை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். ஊறவைப்பதால் மட்டும் தடுப்பான் அழியாது. கொதிநீர் விட்டு அரைத்தால் பச்சை வாடை குறையும். வடிகட்டிய பாலைப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது. நுரை எழும்பும்போது தீயைத் தணித்து, அடி பிடிக்காமல் கிளறவேண்டும். நுரை அடங்கி, பால் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் நேரத்தைக் கணக்கிடவேண்டும். அதிலிருந்து 20 நிமிடம். அண்டாவில் காய்ச்சி விற்போர் இதில் ஒரு நிமிடமும் குறைக்கலாகாது. கொதித்த பாலில் பச்சைப் பாலைக் கலந்து அளவைக் கூட்டுவதும் ஆபத்து.

யாருக்காவது உபாதை கண்டால், மீதிப் பாலை ஒதுக்கிவிட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும்.

வடிகட்டிய சக்கையும் பச்சைதான். அதை வேகவைத்தே கோழிக்குப் போடவேண்டும். இல்லையேல் வளர்ச்சி குன்றும். யூரியா சேர்த்த தீவனம் தின்னும் மாட்டுக்குப் பச்சைச் சோயா அறவே ஆகாது. சோயாவிலுள்ள யூரியேஸ் நொதி யூரியாவை விரைவில் அம்மோனியாவாக்கி மாட்டின் உயிருக்கே உலை வைக்கும்.